உழுதவர் யார்? உடையவர் யார்?
லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 14 ஏக்கர் சொல்லும் பாடம்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நகரமும் நிலமும் என்ற தலைப்பில் நடைபெறும் இவ்வகுப்பில் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தை ஒரேயொரு நிலத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பயன்படுத்த விரும்புகிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சவுத் சென்ட்ரல் என்ற உழைக்கும் மக்கள் பகுதியில், 41ஆம் தெருவும் அலமீடா தெருவும் சந்திக்கும் இடத்தில் அமைந்த 14 ஏக்கர் நிலம் அது. ஏறத்தாழ 12 ஆண்டுகள் சுமார் 350 குடும்பங்கள் அதில் பயிர் செய்தன. 2006 ஜூன் 13 அன்று காவல் படை அவர்களை வெளியேற்றியது. அந்தப் போராட்டத்தைப் பதிவு செய்து 2008இல் வெளிவந்த ‘தி கார்டன்’ என்ற ஆவணப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தோழர்கள் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

நமது பகுதிகளில் ஒரு காலி மனை பற்றிய தகராறு எழும்போதெல்லாம் கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: தோட்டமா, வீடா? விளையாட்டுத் திடலா, கடைத்தெருவா? இரு தரப்பிலும் நம்மவர்களே இருப்பார்கள். இரு தரப்பின் தேவையும் உண்மையாகவே இருக்கும். இந்தக் கேள்வி எப்படி உருவாகிறது, அது அப்படிக் கேட்கப்படுவதால் ஆதாயம் அடைவோர் யார் என்பதை அந்த 14 ஏக்கரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

எரியுலைக்காக எடுத்த நிலம்

அலமீடா தெரு வெறும் போக்குவரத்துச் சாலை அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது இனங்களைப் பிரிக்கும் எல்லைக் கோடாகவே இருந்தது. தெருவுக்கு மேற்கே கறுப்பின மக்கள் வாழலாம். கிழக்கே வெள்ளைத் தொழிலாளர் நகரங்கள். கறுப்பினத்தாருக்கு வீடு விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதிவைத்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பின்னரும் அந்தக் கோடு எளிதில் அழியவில்லை. பின்னர் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அப்பகுதியைச் சுற்றியிருந்த டயர் ஆலைகளும் மோட்டார் வாகன ஆலையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை போயிற்று, வறுமை நின்றது.

வறுமை நின்ற இடத்தைத் தேடித்தான் குப்பை வரும். 1986இல் நகர நிர்வாகம் கட்டாயக் கையகப்படுத்தல் அதிகாரத்தைப் பயன்படுத்தி, சுமார் 48 லட்சம் டாலர் கொடுத்து அந்த 14 ஏக்கரை எடுத்துக்கொண்டது. நகரத்தின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை அங்கே நிறுவுவது திட்டம். அப்பகுதி மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். கறுப்பினப் பெண்கள் முன்னின்று நடத்திய ‘அக்கறையுள்ள குடிமக்கள்’ என்ற அமைப்பு வீடு வீடாகச் சென்று மக்களைத் திரட்டியது. 1987இல் மேயர் டாம் பிராட்லி திட்டத்தைக் கைவிட்டார்.

இந்தச் செய்தியைத் தோழர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த நிலம் உலையின் புகைக்கு இரையாகாமல் பொது நிலமாக மிஞ்சியதற்குக் காரணம் கறுப்பின உழைக்கும் மக்களின் போராட்டம். பிற்காலச் சண்டையைப் புரிந்துகொள்ள இது அவசியம்.

வியர்வையும் வாடகையும்

1992இல், ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்துத் துவைத்த காவலர்கள் விடுவிக்கப்பட்டபோது லாஸ் ஏஞ்சல்ஸ் கொந்தளித்தது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் ஆட்சியாளர்கள் சில சலுகைகளை அளிக்க வேண்டியிருந்தது. நிலத்தை அப்போது தன் பொறுப்பில் வைத்திருந்த துறைமுகத் துறை, 1994இல் எதிர்ப்புறமிருந்த உணவு வங்கிக்கு அதைத் தோட்டமாகப் பயன்படுத்த அனுமதி தந்தது. எந்நேரமும் திரும்பப் பெறத்தக்க அனுமதி அது. குத்தகை இல்லை, பட்டா இல்லை, காலவரையறையும் இல்லை.

வந்து உழுதவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் குடிபெயர்ந்த குறைகூலித் தொழிலாளர்கள். குப்பையும் கல்லும் நிறைந்த தரையைக் கொத்திப் பண்படுத்திச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்காச்சோளம், கீரைகள், மூலிகைகள், கரும்பு, கொய்யா, வாழை, உண்ணத்தக்க சப்பாத்திக் கள்ளி, பந்தலில் படர்ந்த சௌசௌ என நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே வளர்ந்தன. கிடங்குகளும் தண்டவாளங்களும் சூழ்ந்த இடத்தில் ஒரு கிராமமே முளைத்தது.

இதைக் கேட்டு நாம் நெகிழ்வது இயல்பு. ஆனால் நெகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. குடியிருப்புப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் 1872இல் கட்டுரைகள் எழுதினார். 1887இல் அவற்றின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் ஜெர்மானியக் குடிசைத் தொழிலாளர்களின் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி அவர் சொன்னது கசப்பான உண்மை. குடும்பம் தன் தோட்டத்தில் விளைவிக்கும் உணவின் அளவுக்கு முதலாளி கூலியைக் குறைத்துக் கொடுக்க முடிகிறது. தொழிலாளியின் ஓய்வு நேர உழைப்பும் முதலாளியின் இலாபக் கணக்கில் போய்ச் சேருகிறது என்று அவர் விளக்கினார். சவுத் சென்ட்ரல் தோட்டமும் அந்த விதிக்கு முற்றிலும் விலக்கானதன்று. கூலி போதாதவர்களே அங்கே மண்வெட்டி பிடித்தார்கள். ஆகவே தோட்டம் தன்னளவிலேயே விடுதலை என்று நாம் சொல்வதில்லை. பத்திரமில்லாத மனிதர்கள் கூடிப் பேசி, தண்ணீரைப் பகிர்ந்து, ஓர் இடத்தைத் தாமே நிர்வகித்தார்கள் என்பதே நமக்கு முதன்மையானது.

அவர்கள் உழுதுகொண்டிருந்த காலத்தில் தெருவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 2002இல் அலமீடா சரக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் வந்திறங்கும் கன்டெய்னர்களை நகர மையத்திற்கு அருகிலுள்ள ரயில் முனையங்களுக்குக் கொண்டுசெல்லும் 20 மைல் நீளப் பாதை அது. ஆசியத் தொழிலாளர்கள் செய்த பொருள்கள் அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் வழியில் அந்த 14 ஏக்கர் வந்து அமைந்தது. ஒரு காலத்தில் எவரும் சீந்தாத நிலம் கிடங்குக்கு உகந்த நிலமாயிற்று. பொதுப் பணத்தில் போட்ட பாதை தனியார் நிலத்தின் விலையை உயர்த்துகிறது. சமூகம் உண்டாக்கிய உயர்வை உடைமையாளர் வாடகையாக அறுவடை செய்கிறார். நில வாடகை பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

மூடிய அறையில் ஒரு விற்பனை

1986இல் நிலத்தை இழந்தவர்களுள் பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனத்திற்கு ஓர் உரிமை எழுதித் தரப்பட்டிருந்தது. பொதுப் பயனுக்கோ வீட்டுவசதிக்கோ அல்லாமல் வேறு காரியத்திற்கு நகர நிர்வாகம் பத்தாண்டுக்குள் நிலத்தை விற்றால், அதை வாங்கும் முன்னுரிமை அந்நிறுவனத்திற்கு உண்டு என்பது நிபந்தனை. அதைப் பற்றிக்கொண்டு அதன் பங்குதாரரான மனை வணிகர் நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2003இல் நகர மன்றம் மூடிய அறைக் கூட்டத்தில் சமரசத்திற்கு ஒப்புக்கொண்டது. சுமார் 50 லட்சம் டாலருக்கு நிலம் அவர் கைக்குப் போயிற்று. 350 குடும்பங்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2004 பிப்ரவரி இறுதிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பே அவர்களுக்குக் கிடைத்தது.

அவர்கள் வழக்காடினார்கள். முதலில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. நிலத்தை விலைக்கு வாங்கிக் காப்பாற்றலாம் என்றால், மூன்றாண்டுக்கு முன் 50 லட்சத்துக்குக் கைமாறிய நிலத்துக்கு ஒரு கோடியே 63 லட்சம் டாலர் கேட்கப்பட்டது. அறக்கட்டளைகள் முன்வந்து ஏறத்தாழ அந்தத் தொகைக்கு வழிசெய்தபோதும் உடைமையாளர் விற்க மறுத்தார். உழவர்களின் நடத்தை தமக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சந்தை என்பது விலை கொடுப்போர் எவருக்கும் திறந்திருக்கும் கதவு என்று நமக்குப் போதிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விற்பதும் விற்காதிருப்பதும் உடைமையாளரின் விருப்பம். அந்த விருப்பத்தைக் காப்பதற்கு அரசின் காவல் படை உண்டு.

2006 ஜூன் 13 அன்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். நடிகை டேரில் ஹானா மரத்தின் மீதிருந்து இறக்கப்பட்டதை உலகத் தொலைக்காட்சிகள் காட்டின. பாடகி ஜோன் பேயசும் முன்னதாக அங்கே வந்து தங்கி ஆதரவளித்திருந்தார். மரத்தின் மேல் புகழ்பெற்றவர்கள் இருந்தார்கள். தெருவின் மறுபக்கத்தில் யார் நின்றார்கள் என்பதே நமது கேள்வி.

ஏழைகளின் இரண்டு அமைப்புகள்

2003ஆம் ஆண்டின் சமரசத்தில் ஒரு துணை நிபந்தனை இருந்தது. 14 ஏக்கரில் 2.6 ஏக்கரைக் கால்பந்து மைதானத்திற்காக உடைமையாளர் நகரத்திற்குக் கொடுக்க வேண்டும். அந்த மைதானத்தை விரும்பி நின்றது எரியுலையை விரட்டிய அதே ‘அக்கறையுள்ள குடிமக்கள்’ அமைப்பு.

அவர்களை எளிதாகப் பழித்துவிடலாம், அது நியாயமாகாது. அவர்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்பது உண்மை. கிடங்கு வந்தால் சிலருக்கு வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் வேலையற்ற பகுதியில் இயல்பானது. அந்த நிலத்திற்காக முதலில் போராடியவர்கள் நாங்கள்; இப்போது 350 குடும்பங்கள் மட்டும் அதைத் தங்களுடையதாகக் கொள்வதா என்று அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. மறுபுறம், 1980களில் பெரிதும் கறுப்பினத்தாரின் பகுதியாக இருந்த சவுத் சென்ட்ரல், சில பத்தாண்டுகளில் ஸ்பானிய மொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் பகுதியாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு சமூகத்தின் இடம் சுருங்குகிறது என்ற அச்சமும், வந்தேறிகள் என்று பார்க்கப்படுவதன் வலியும் எதிரெதிரே நின்றன. நிலத் தகராறு இனத் தகராறின் நிறத்தைப் பெற்றது.

உழவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. நகர நிர்வாகம் வாட்ஸ் பகுதியில் உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே மாற்று இடம் தந்தபோது ஒரு பகுதியினர் அங்கே போனார்கள். எஞ்சியவர்கள் கடைசிவரை நின்றார்கள்.

முடிவு என்னவாயிற்று? வெளியேற்றத்திற்குப் பின் மரங்களும் பாத்திகளும் புல்டோசரால் மட்டமாக்கப்பட்டன. உடனே எழும் என்று சொல்லப்பட்ட கிடங்கு எழவில்லை; பல ஆண்டுகள் நிலம் வேலிக்குள் வெறுமையாகக் கிடந்தது. 2011இல் நகர மன்றம் அந்த 2.6 ஏக்கர் மைதானத்திற்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தது. தோட்டம் கேட்டவர்களுக்குத் தோட்டம் இல்லை; அங்கே மைதானம் கேட்டவர்களுக்கு மைதானமும் இல்லை. இருவரும் எதிரெதிராக நின்ற காலம் முழுவதும் பத்திரம் ஒருவர் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

இங்குதான் நான் சொல்ல வந்த ஒரே கருத்து இருக்கிறது. தோட்டமா மைதானமா என்ற கேள்வியை அந்த மக்கள் தாமாகத் தேர்ந்துகொள்ளவில்லை. 14 ஏக்கரில் பெரும்பங்கைக் கிடங்குக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் காட்டி ஏழைகளை நோக்கி எழுப்பப்பட்ட கேள்வி அது. முழு நிலத்தையும் யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை இரண்டு அமைப்புகளும் சேர்ந்து எழுப்பியிருந்தால், மைதானத்திற்கும் தோட்டத்திற்கும் அங்கே இடம் போதும். 14இல் 2.6 போனால் 11.4 ஏக்கர் மிஞ்சும். இந்தக் கணக்குக்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

நியூயார்க் காட்டிய வேறொரு வழி

அப்படியொரு ஒற்றுமை வெறும் கனவுதானா என்று தோழர்கள் கேட்கலாம். அதே நாட்டின் மறுகரையில், சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பார்ப்போம். 1970களில் நியூயார்க் நகரம் நிதி நெருக்கடியில் ஆழ்ந்தபோது வீட்டு உரிமையாளர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டார்கள். பல கட்டடங்கள் எரிந்தன. வரிபாக்கிக்காக நகரத்தின் கைக்கு வந்த இடிபாட்டு மனைகளில், 1973 தொடங்கி, மக்கள் தோட்டம் போட்டார்கள். புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் கறுப்பின மக்களும் வாழ்ந்த வட்டாரங்களில் அவை பெருகின. 1978 முதல் நகர நிர்வாகமே குத்தகைக்கு அனுமதித்தது.

1990களில் மனை விலை ஏறியது. 1999இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்தில் விடப்போவதாக அறிவித்தது. இது தடையற்ற சந்தைப் பொருளாதாரம், கம்யூனிசத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற பொருள்பட அவர் எதிர்ப்பாளர்களுக்குப் பதில் சொன்னார். தக்காளிச் செடியில் கம்யூனிசத்தைக் கண்ட மேயரின் கண் கூர்மையானதுதான்! ஏழைகளுக்கு வீடு வேண்டாமா என்பதும் அவர் தரப்பின் வாதம். தோட்டக்காரர்கள் வீட்டை எதிர்க்கவில்லை. நகரத்தின் கையில் ஆயிரக்கணக்கான வேறு காலி மனைகள் இருக்கின்றன. அவற்றில் முதலில் கட்டுங்கள். கட்டுவதையும் ஏழைகள் குடியேறக்கூடிய வாடகையில் கட்டுங்கள் என்று எதிர்வாதம் வைத்தார்கள். சிதறிக் கிடந்த தோட்டங்கள் நகரந்தழுவிய கூட்டணியாயின. ஏலத்திற்கு வந்த 114ஐயும் இரண்டு அறக்கட்டளைகள் சுமார் 42 லட்சம் டாலருக்கு வாங்கின. அடுத்த ஆண்டு ‘எஸ்பெரான்சா’ என்ற தோட்டம் இடிக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு நம்பிக்கை என்று பொருள். எனினும் போராட்டம் ஓயவில்லை. 2002இல் ஏற்பட்ட உடன்பாட்டில் சுமார் 400 தோட்டங்கள் காக்கப்பட்டன. 150 அளவிலான மனைகள் வீட்டுவசதிக்குத் திறந்துவிடப்பட்டன.

இது முழு வெற்றியன்று. அறக்கட்டளை வாங்குவது பொது நிலம் தனியார் பெயருக்குப் போவதே. மேலும், தோட்டம் உள்ள வட்டாரத்தில் மனை விலை உயர்கிறது, அந்த உயர்வு ஏழை வட்டாரங்களிலேயே அதிகம் என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கண்டார்கள். தோட்டம் போட்டவரின் வியர்வை அவருடைய வாடகையை ஏற்றவே பயன்படலாம். வாடகைக் கட்டுப்பாட்டுக்கான போராட்டத்தோடு இணையாத தோட்டம் தன்னை வளர்த்தவரையே துரத்தக்கூடும்.

நமது பணிகள்

தோழர்களே, நமது சட்டங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், கையகப்படுத்திய நிலம் ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை முன்னைய உடைமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்பித் தர வேண்டும் என்கிறது. விவசாயிகளைக் காக்க அவசியமான விதி. ஆனால் இடைக்காலத்தில் அங்கே வாழ்ந்தோர், விதைத்தோர், கடை வைத்தோர் என எவரையும் அந்த விதி அறியாது. லாஸ் ஏஞ்சல்சில் நடந்ததும் இதுவே.

உழைப்பினால் உரிமை பிறக்கும் என்ற கொள்கையை நமது சட்டம் ஏற்காமலும் இல்லை. சவுத் சென்ட்ரலில் வெளியேற்றம் நடந்த அதே 2006இல், டிசம்பர் மாதம், இடதுசாரிகளும் பழங்குடி இயக்கங்களும் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாக வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. பத்திரம் இல்லாவிடினும் பல்லாண்டுகள் நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டவருக்கு உரிமை உண்டு, அதைத் தீர்மானிக்கும் பணியைக் கிராம சபை தொடங்கும் என்பது அதன் அடிநாதம். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்தக் கொள்கையின் ஒரு கீற்றை நகரத்திற்குக் கொண்டுவந்தது. காட்டில் ஏற்கப்பட்ட நியாயம் நகரத்தில் ஏன் முழுமையாக ஏற்கப்படக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும்.

தமிழில் ‘புறம்போக்கு’ என்ற சொல்லின் கதியை நினைத்துப் பாருங்கள். வரி விதிப்புக்குப் புறம்பான நிலத்தை, மேய்ச்சலுக்கும் நீர்நிலைக்கும் பாதைக்கும் உரிய பொது நிலத்தைக் குறித்த வருவாய்த் துறைச் சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ‘காலி மனை’ என்ற சொல்லும் அத்தகையதே. மக்கள் நடமாடும் இடத்தை, விலைபேச வசதியாக, ஆளில்லாத இடமாக்கிக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பவனாக நான் இச்சொல்லை எழுத நேரும்போதெல்லாம் காலியாக இருப்பது நிலமா, ஆவணத்தில் ஒரு கட்டமா என்று பார்த்துக்கொள்கிறேன். தீர்மானங்களும் துண்டறிக்கைகளும் எழுதும் தோழர்களும் அவ்வாறே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறைக்கு மூன்று செய்திகள். முதலாவது, நமது பகுதியில் மக்கள் கூட்டாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு மனைக்கும் இன்றைய சட்டநிலை என்ன, யார் பெயரில் இருக்கிறது, எத்தகைய அனுமதி என்பதைக் கிளை தெரிந்துவைத்திருக்க வேண்டும். சவுத் சென்ட்ரல் மக்கள் நிலத்தைத் தழைக்கச் செய்த ஆண்டுகளில் அந்தத் தாள் எந்நேரமும் திரும்பப் பெறத்தக்கதாகவே இருந்தது. நோட்டீஸ் வந்த பிறகு தேடினால் காலம் போதாது. இரண்டாவது, பொது நிலம் பற்றிய எந்த முடிவும் பகுதிக் கூட்டத்தில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட பின்னரே மாமன்றத்திற்குப் போக வேண்டும் என்று நமது உறுப்பினர்கள் உள்ளேயும் நமது அமைப்புகள் வெளியேயும் வற்புறுத்த வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: வீடு கேட்பவரும் தோட்டம் வைத்திருப்பவரும் திடல் கேட்கும் இளைஞரும் எதிரெதிரே நிறுத்தப்படும்போது, எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்குமுன் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைப்பது நமது வேலை. அந்தக் கூட்டம் எளிதாக இராது. பழைய மனத்தாங்கல்கள் வெளிவரும்; சாதியும் மதமும் மொழியும் உள்ளே நுழையும். பொறுமையாக இருந்து, மொத்த நிலத்தின் வரைபடத்தை விரித்து, நமக்கென்று காட்டப்படும் மூலையைத் தவிர மற்றதெல்லாம் யாருக்குப் போகிறது என்று கேட்க வேண்டும்.

உழுபவருக்கே நிலம் என்று நாம் கிராமத்தில் முழங்கினோம். நகரத்திலும் அதைச் சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது. அதற்கான வாசகத்தை நமது பகுதி மக்களோடு அமர்ந்து எழுதுவோம். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.